சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

என்னைப்பற்றி வடக்கு உத்தர வீதியில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். சௌரிராஜனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஒன்று. சௌரிராஜன் நிறுத்தால் நிறுத்ததுதான், மறுபடி தராசு எடுக்க வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதைச் சொல்கிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எழுந்து போய்விடலாம்போல் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சி பெரிய கடைவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பரக்கத் அலி பாயின் துப்பாக்கிக் கடைக்கு இருபது வருஷம் வேலைக்குப் போனேன். வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில் பிறந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. லைசென்ஸ் விண்ணப்பங்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கத்தான் பாய் என்னைச் சேர்த்தார். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. பிறகு தோட்டா கட்டும் மிஷின் ஒன்றைப் பாய் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிப் போட்டபோது அதற்கும் என்னையே உட்காரவைத்தார்.

"சாமி, இந்த வேலைக்குக் கைபலம் வேணாம், பயம்தான் வேணும். அது உங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கு" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுத் தோட்டா வருவது அந்த வருஷங்களில் அரிதாகிக்கொண்டே போனது. ஊரில் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்று இருந்தது. அதன் ஆட்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கொண்டுவருவார்கள். சுட்ட கூடு கொஞ்சம் உப்பியிருக்கும். மிஷினில் அதை ஒரு அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடித்தால் தீப்பற்றும் புதுக் கேப்பை அடியில் பொருத்தி, உள்ளே வெடிமருந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை உட்காரவைத்தால் மறுபடி தோட்டா. கிளப்பில் முக்கால்வாசிப் பேரிடம் முப்பத்தெட்டு ரகக் கைத்துப்பாக்கி. அதனால் மிஷின் எப்போதும் முப்பத்தெட்டுக்கே பூட்டிக் கிடக்கும்.

முப்பத்திரண்டு ரகம் வைத்திருந்தவர் தைரியராஜ் ஒருவர்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து ஒரு மில்லில் காவல் வேலை பார்த்தார். துப்பாக்கி மில்லுடையது, பழசு. கை அவருடையது. அந்தக் கைக்கு நிகராகக் கிளப்பில் இன்னொரு கை இல்லை. அவருக்காக வருஷத்தில் மூன்று நாலு தடவை மிஷினை முப்பத்திரண்டுக்கு மாற்றுவேன். அடியில் கூட்டைப் பிடிக்கும் வளையத்தைக் கழற்ற வேண்டும். மூன்று அச்சுகளையும் திருகி எடுத்துச் சின்னதைப் பூட்டி, ஒரு தாள் கனம் கூடாமல் குறையாமல் உயரம் வைக்க வேண்டும். கடைசியாக மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் அளவுத் தகட்டை மாற்ற வேண்டும். எட்டணாக் காசு அளவு பித்தளை வட்டம், நடுவில் துளை. ஒவ்வொரு தடவையும் அந்தத் துளை கொள்கிற மருந்துதான் கூட்டுக்குள் விழும். முப்பத்தெட்டுக்கு ஒன்பதாம் எண் தகடு, முப்பத்திரண்டுக்கு ஐந்தாம் எண். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட வித்தியாசம் பளிச்சென்று தெரியாது. எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு காவல் வைத்திருந்தேன். தகடு மாற்றினால் முதல் பத்து மருந்தை நிறுத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடக் கட்டக்கூடாது என்று நானே எழுதி, மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். பாய் ஒருநாள் அவசரத்தில் "ரெண்டு நிறுத்தா போதாதா சாமி" என்று கேட்டதற்கு, அரைநாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

1961ஆம் வருஷம் ஆயுத பூஜை வந்தது. கடை பாயுடையதானாலும் பூஜை என்னுடையது. பொரியும் கடலையும் அவரே வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். மேஜையோடு முடுக்கியிருந்த மிஷினுக்கு அங்கேயே திருமண் இட்டேன். "என்ன சாமி, மிஷினுக்கே நாமம் போட்டுட்டீங்க, அடுத்து எனக்கா?" என்று சிரித்தார். கழற்றக்கூடிய சாமான்களையெல்லாம், அச்சு, வளையம், தகடு, திருப்புளி, தராசு எல்லாவற்றையும், எண்ணெய் போட்டுத் துடைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகையில் அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். என் மனைவி வேதவதி அரைத்துக் கொடுத்த சந்தனம் நிறைய இருந்தது. தாராளமாக வைத்தேன். தகடுகளுக்கும் வைத்தேன், தராசின் தண்டுக்கும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் புனர்பூஜை செய்து, எடுத்தோம் என்று பேருக்கு ஒரு சின்ன வேலை செய்துவிட்டுக் கடையைச் சாத்துவது வழக்கம். எங்கள் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் அன்றைக்குக் காட்டழகிய சிங்கர் சன்னிதிக்கு எழுந்தருளுவார். அந்தப் புறப்பாட்டை நான் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. கற்பூரம் ஏற்றி முடித்தபோது தைரியராஜ் வாசலில் நின்றார். கூடவே அவர் தம்பி அடைக்கலம், இருபத்தைந்து வயசு, பஸ் டிரைவர். காக்கிச் சட்டையும் நெற்றி நிறைய முடியுமாகப் பார்க்க லட்சணமாக இருப்பான்.

"சாமி, சாயங்காலம் போட்டி. அம்பது தோட்டா வேணும். போன வாரமே சொல்லியிருக்கணும், டூட்டி மாறிப் போச்சு" என்றார் தைரியராஜ்.

"நாளும் கிழமையுமா வந்து நிக்கிறேளே! ஏழு நாள் தூங்கிண்டிருந்தேளா?" என்று கத்தினேன்.

"நல்ல நாள்ல மொத வேலையா எனக்குக் கட்டிக் குடுங்க சாமி. ஜெயிச்சா பேரு உங்களுக்கு" என்றார். அடைக்கலம் சிரித்துக்கொண்டே, "அண்ணன் பக்கத்துல நின்னு மார்க் எழுதப்போறது நான்தான் சாமி. இன்னைக்கு லீவு போட்டாச்சு" என்றான்.

இருவரையும் பதினொரு மணிக்கு வரச்சொல்லிவிட்டு மிஷினுக்கு முன் உட்கார்ந்தேன். வளையம் மாற்றினேன். அச்சுகள் மாற்றினேன். ஒன்பதாம் எண்ணைக் கழற்றிப் பலகையில் வைக்கும் வேலை அன்றைக்கு இல்லை. இரண்டு தகடும் பூஜைக்காக வெளியேதான் இருந்தன. இரண்டின் முகத்திலும் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து எண்ணை மூடியிருந்தது. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதும். ஆனால் விஜயதசமியன்று பூஜை செய்த பொருளின் பொட்டை அழிப்பதாவது! அது தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். என் தகப்பனார் தன் பேனாவில் வைத்த குங்குமத்தைத் தை மாசம்வரை துடைக்கமாட்டார். இடது பக்கம் வைத்தது ஒன்பது, வலது பக்கம் வைத்தது ஐந்து என்று எனக்கு ஞாபகம் இருந்தது. வலது பக்கத்துத் தகட்டை எடுத்துத் துளையில் ஒட்டிய துளியை மட்டும் ஊதிவிட்டுப் பூட்டினேன்.

நிறுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தராசை எடுத்தேன். தண்டு ஆடவில்லை. நான் வைத்த சந்தனம் வழிந்து முள்ளின் அடியில் இறங்கி இறுகியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து உலரவைத்துச் சமன் பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். மணி ஒன்பதரை. புறப்பாடு கண்முன் நின்றது. தராசைக் கீழே வைத்துவிட்டேன்.

இதுவரை தவறு. இனிமேல் சொல்வது தவறு அல்ல. நாலைந்து கூட்டில் மருந்து விழுந்தபின் வழக்கம்போல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். மருந்து மேலே நிற்பதாகப் பட்டது. பட்டது என்ன, நின்றது. என் கண் பத்து வருஷமாகப் பார்த்த உயரம் எனக்குத் தெரியாதா? புது டின் மருந்து, கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐம்பது தோட்டாவையும் கட்டி, பெட்டியில் அடுக்கி, மேலே என் முத்து எழுத்தில் முப்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். தைரியராஜ் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நான் சைக்கிளை மிதித்தேன். பெருமாளை நன்றாகச் சேவித்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனபோது பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, தைரியராஜ் துப்பாக்கி கையிலயே வெடிச்சிடுச்சு. மொத வெடியிலயே. வலது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போச்சு. அதுகூடப் பரவாயில்ல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இரும்புத் துண்டு தெறிச்சு அந்தப் பயலுக்கு... பக்கத்துல நின்னான்ல, அடைக்கலம். இடது கண்ணு போச்சு."

உள்ளே இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியில் போட்டிருந்த ஐந்து போக மீதி நாற்பத்தைந்து தோட்டாக்கள் பெட்டியோடு மேஜைமேல் இருந்தன. என் எழுத்து என்னைப் பார்த்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "பழைய துப்பாக்கி. குழாய் சுத்தமா இருந்துச்சான்னு தெரியல. நாலு தோட்டாவைப் பிரிச்சு மருந்து நிறுத்துக் காட்டுங்க. அது சரின்னா உங்க கடை மேல ஒண்ணும் இல்ல."

"நான் பார்க்க வேண்டியதே இல்ல சார்" என்றார் பாய். "சாமி உள்ள போய் நிறுக்கட்டும். அவர் சொன்னா சரி."

உள்ளே போனேன். தராசைக் கழுவினேன். அன்றைக்கு அதற்கு நேரம் இருந்தது. முள்ளைத் துடைத்து, உலர்த்தி, சமன் பார்த்து, நாலு தோட்டாவைப் பிரித்து நிறுத்தேன். நாலிலும் இருக்கவேண்டியதில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு இருந்தது. மிஷினிலிருந்து தகட்டைக் கழற்றிக் கட்டைவிரலால் தேய்த்தேன். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. ஒன்பது.

பாயின் லைசென்ஸ் போய்விடும் என்று நினைத்தேன். அந்தக் கடையை நம்பி ஆறு குடும்பம் என்று நினைத்தேன். எல்லாம் பொய். உண்மையில் நினைத்தது என்னைப்பற்றி மட்டும்தான். விலங்கு மாட்டி வடக்கு உத்தர வீதி வழியாக என்னை அழைத்துப்போவதை நினைத்தேன். ஒரு தாள் எடுத்து, நாலு வரிசையில் சரியான எடையை எழுதினேன். நாலும் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகம் வருமென்று ஒன்றில் ஒரு இம்மி கூட்டி, ஒன்றில் ஒரு இம்மி குறைத்து எழுதினேன். இப்படி எழுதவும் எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

"சரியா இருக்கு" என்றேன்.

பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்தார். இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆபத்தான சரக்கு, அழித்துவிடுகிறேன் என்று மீதித் தோட்டாக்களையும் நானே வாங்கிக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. சாயங்காலம் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். ஐப்பசி வெள்ளம் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. தோட்டாக்களையும் ஒன்பதாம் எண் தகட்டையும் உள்ளே போட்டேன். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். வேதவதி, "ஏன்னா, என்ன ரெண்டாந்தரம் ஸ்நானம்? தீட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பாய் அதற்குப் பிறகு மிஷினை யாரையும் தொடவிடவில்லை. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். மூன்றாம் வருஷம் அவரும் மௌத்தாகிவிட்டார். கடைசிவரை "நம்ம சாமி நிறுத்துச் சொல்லலைன்னா அன்னைக்கே கடையைப் பூட்டியிருப்பாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், எரிந்து விழுவேன். என் அடக்கத்தைப் பார்த்தாயா என்று அதற்கும் பாராட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன். தைரியராஜ் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மருந்து சரியா இருந்துச்சாமே சாமி. இன்ஸ்பெக்டர் சொன்னாரு" என்றார். நான் தலையசைத்தேன். "அப்போ தப்பு என் மேலதான். காலையில குழாயைத் துடைச்சேன். துணி கிழிஞ்சு வந்துச்சு. முழுசா வந்துச்சா, ஒரு துண்டு உள்ள நின்னுச்சான்னு பார்க்காம விட்டுட்டேன். அம்பது தடவை யோசிச்சுட்டேன் சாமி. உள்ளதான் நின்னிருக்கு. என் தம்பி கண்ணை நானே குத்திட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் அடைக்கலம் தலை முழுவதும் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். நாலே வார்த்தை. நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

தம்பியிடம் அண்ணனே துணி விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனுஷர். "ஒரு துணியைப் பார்த்து எடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா துப்பாக்கி" என்று கேட்டவன்தான் அடைக்கலம், பிறகு அவரோடு பேசவில்லை. டிரைவர் வேலை போயிற்று. தை மாசம் நிச்சயமாகியிருந்த கல்யாணத்தைப் பெண் வீட்டார் நிறுத்திவிட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று "துவாக்குடி, திருவெறும்பூர், ஏறுங்க ஏறுங்க" என்று ஆள் கூப்பிடும் வேலை செய்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இருக்கிற கண்ணால் பஸ்ஸின் பலகையைப் பார்ப்பான். ஒருநாள் பார்த்ததோடு சரி. அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை. உறையூர் போக வேண்டுமென்றால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். முதலில் பாய் இருக்கிறாரே என்று பார்த்தேன். பாய் போனபின் என் பெண்களில் மூத்தவள் கல்யாணம் ஆகட்டும் என்று பார்த்தேன். அது ஆனதும் சின்னவள். பாவத்தைச் சொல்ல நல்ல நாள் பார்க்கிறவனுக்கு நாள் அமையவே அமையாது.

1966ஆம் வருஷம், ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. கடையை அப்போது பாயின் மருமகன் நடத்திவந்தார். பன்னிரண்டரைக்கு அவர் ஜும்மாவுக்குப் போய்விட்டார். நான் மட்டும் இருந்தேன். தைரியராஜ் வந்தார். மில் வேலை போய், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலையில் வாட்ச்மேனாக இருந்தார். முடி நரைத்துவிட்டது. வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். இடது கையில் ஒரு பத்திரிகைத் துண்டு.

"சாமி, இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதணும். உங்களை மாதிரி எழுத ஆள் கிடையாது" என்றார்.

"யாருக்கு?"

"மெட்ராஸ்ல ஒரு பெரிய கண் டாக்டரு. செத்தவங்க கண்ணை எடுத்து வேற ஆளுக்கு வைக்கிறாங்களாம், இதுல போட்டிருக்கு. செத்தவன் கண்ணைவிட உசுரோட இருக்கிறவன் கண்ணு நல்லா வேலை செய்யுமில்ல? என் இடது கண்ணை எடுத்து அடைக்கலத்துக்கு வைக்கச்சொல்லி எழுதுங்க. நல்ல கண்ணு சாமி. இன்னும் நூறு கஜத்துல இருக்கிறதைப் பார்ப்பேன்."

"அதெல்லாம் செய்யமாட்டா, தைரியராஜ்" என்றேன்.

"கேட்டுப் பார்ப்போமே. இங்க பெரிய ஆஸ்பத்திரியில கேட்டேன், சிரிச்சாங்க. நீங்க எழுதினா சிரிக்கமாட்டாங்க. கண்ணு வச்சுட்டா அவன் திரும்ப வண்டி ஓட்டுவான். என்கிட்ட பேசாட்டியும் பரவாயில்ல. வயசு முப்பதாச்சு, ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டிவைக்கலாம்."

அப்போது சொன்னேன். தைரியம் வந்து சொல்லவில்லை, தாங்க முடியாமல் சொன்னேன். எழுந்து நின்று, மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஆயுத பூஜை, சந்தனம், தகடு, தராசு, நிறுத்தது, பொய் எழுதியது, ஆற்றில் போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "உம்ம துணி உள்ள நிக்கலை. உம்ம பேர்ல ஒரு தப்பும் இல்லை. நான்தான். நீர் அஞ்சு வருஷமாச் சுமக்கிறது என்னோட பாவம்" என்று சொல்லும்போது வாய்விட்டு அழுதுவிட்டேன்.

தைரியராஜ் எழுந்துவந்து, இரண்டு விரல் இல்லாத கையால் என் தோளைத் தொட்டார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டதில்லை.

"உக்காருங்க சாமி. எதுக்கு இதெல்லாம்?" என்றார். "என் தம்பி நிலைமையைப் பார்த்து உங்க மனசு தாங்கல. அதான் உங்க தலையில ஏத்திக்கப் பார்க்கிறீங்க."

"பொய் இல்லை. சத்தியமாச் சொல்றேன்."

"நீங்க பொய் சொல்ற ஆளா சாமி? அன்னைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. பாய் கேட்டாரு. நான் ஆஸ்பத்திரியில கேட்டேன். மூணு பேர்கிட்டயும் சரியா இருக்குன்னீங்க. அய்யங்கார் சாமி நிறுத்தா நிறுத்ததுதான்னு ஊருக்கே தெரியும். இப்ப வந்து மாத்திச் சொன்னா நான் எதை நம்புறது?" அவர் சிரிக்கக்கூடச் செய்தார். "சரி, அந்தத் தகடு எங்க இருக்கு? காட்டுங்க."

"ஆத்துல போட்டேன்னு சொன்னேனே."

"பார்த்தீங்களா?" என்றார், குழந்தையிடம் சொல்வதுபோல். "துணி கிழிஞ்சு வந்ததை நான் என் கண்ணால பார்த்தேன் சாமி. அதுக்கு மேல என்ன? போகட்டும். அடைக்கலத்துக்கிட்டபோய் இப்படிச் சொல்லிடாதீங்க. நான்தான் உங்களைப் பேசச்சொல்லி அனுப்பினேன்னு நினைப்பான். இன்னும் கோவம்தான் ஏறும்."

நான் வாதாடினேன். நாலு தோட்டாவில் இருந்த எடையைச் சொன்னேன். அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், ஒன்றையும் ஏற்கவில்லை. நான் பொய் சொன்னபோது அதை நம்ப ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படாத மனுஷர் இவர்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் என் நெஞ்சின் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. சொல்லியாகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒரு ஆறுதல் எனக்குள்ளிருந்து வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஐந்து வருஷத்தில் என்னை நானே அதிகம் அருவருத்த நேரம் அதுதான்.

"எழுதுங்க சாமி. பாய் மருமகன் தொழுதுட்டு வந்துடுவாரு" என்றார்.

பேனாவை எடுத்தேன். எழுத்து கோணவில்லை. அவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். அண்ணன் பெயர், தம்பி பெயர், வயசு, இடது கண், விஜயதசமி நாள். துப்பாக்கிக் குழாயில் துணி தங்கியதைக் கவனிக்காமல் விட்டேன், என் கவனக்குறைவால் என் தம்பி கண்ணை இழந்தான் என்ற இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். எழுதினேன்.

"அந்த இடத்தைப் படிச்சுச் சொல்லுங்க, தமிழ்ல" என்றார்.

சொன்னேன்.

இடது கை விரலை அந்த வரிமேல் வைத்தார். "வெறும் கவனக்குறைவுன்னு போட்டா தெரியாம நடந்ததுன்னு டாக்டர் நினைச்சுடுவாரு. அப்புறம் எதுக்கு இவன் கண்ணை எடுக்கணும்னு விட்டுடுவாரு. இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதுங்க சாமி."

அந்தச் சொல்லுக்கு முன்னால் தாளில் கொஞ்சம் இடம் இருந்தது. மன்னிக்க முடியாத என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை அங்கே நுணுக்கி எழுதிச் சேர்த்தேன். அர்த்தம் சொன்னேன். "ஆங், அதுதான்" என்றார். தாளை வாங்கி, இடது கையால் மெதுவாகத் தன் பெயரைப் போட்டார்.